48 மணி நேரம், 50 நாள், 90 நாள்: விபத்து இழப்பீட்டின் புது நடைமுறை வேலூர்க்காரர்களுக்கு எப்படி?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அடிபட்டவர்கள் இழப்பீடு கேட்டு சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் எம்.சி.ஓ.பி. (விபத்து இழப்பீட்டு மனு) போடுவது பல காலமாக நடப்பதுதான். ஆனால் 2022 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதி மாறிவிட்டது. விபத்துத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் காவல்துறை முதல் விபத்து அறிக்கையையும், 50 நாளில் இடைக்கால அறிக்கையையும், 90 நாளில் விரிவான அறிக்கையையும் இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். ஓட்டுநரும் உரிமையாளரும் 30 நாளுக்குள் தனித்தனிப் படிவம் தர வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் பெரிய பலம், போலி வழக்குக்குக் கிடைத்துவந்த அவகாசத்தைப் பறிப்பதுதான். மோசடிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பைக் சறுக்கித் தானாக விழுந்தவருக்கு, மூன்று வாரம் கழித்து இன்சூரன்ஸ் உள்ள ஒரு வண்டி 'கிடைக்கும்'. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவருக்குப் பதில் லைசென்ஸ் உள்ள இன்னொருவர் வந்து நிற்பார். முதல் இரண்டு நாளிலேயே வண்டி எண்ணும் ஓட்டுநர் பெயரும் ஏறிவிட்டால் இதெல்லாம் கடினம். ஒரே விபத்துக்கு இரண்டு இடத்தில் வழக்கு போடுவது இன்னொரு வழி. ஆம்பூரில் அடிபட்ட குடியாத்தத்துக்காரர் திருப்பத்தூர் மாவட்டத்திலோ வேலூரிலோ, ஏதாவது ஓரிடத்தில் போடச் சட்டம் அனுமதிக்கிறது; சிலர் இரண்டிலும் போட்டுவிடுகிறார்கள். எப்.ஐ.ஆர். எண்ணை வைத்துத் தேடிப் பார்க்காத வரை இரட்டை வழக்கு வெளியே தெரியாது.

குறை எங்கே? இந்தச் சல்லடையில் நியாயமானவர்களும் மாட்டுகிறார்கள், அதுவும் ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகல்). அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ சி.எம்.சி.யோ, கேஷுவாலிட்டியில் கூட வந்தவர் பதற்றத்தில் 'பைக்கில இருந்து விழுந்துட்டாரு' என்று சொன்னால் அதுவே பதிவாகும். பிறகு எப்.ஐ.ஆரில் லாரி மோதியது என்று வந்தால், இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் பிடிப்பது அந்த வரியைத்தான். எந்த வண்டி, எங்கே, எத்தனை மணிக்கு என்று அங்கேயே சரியாகச் சொல்லுங்கள்; எண் தெரியாவிட்டால் 'எண் தெரியாத லாரி' என்றே சொல்லுங்கள். எப்.ஐ.ஆர். தாமதமானது என்பதற்காக மட்டும் வழக்கைச் சந்தேகிக்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் தாமதத்துக்குக் காரணம் காட்ட வேண்டும். ஐ.சி.யூ.வில் இருந்த தேதிகள் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தால் அதற்கு உதவும்.

பணம் அதிகம் புரள்வது ஊன சதவீதத்தில். 34 வயது, மாதம் 15,000 ரூபாய் வருமானம், சொந்தத் தொழில் என்று வையுங்கள். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 21,000, வருடத்துக்கு 2,52,000, அந்த வயதுக்கான பெருக்கி (வருட வருமானத்தைப் பெருக்கும் எண்) 16. ஊனம் 30 சதவீதம் என்றால் 12,09,600 ரூபாய், 10 சதவீதம் என்றால் 4,03,200. மருத்துவர் தரும் ஊனச் சான்றிதழில் ஒரு எண் மாறினால் எட்டு லட்சம் வித்தியாசம். அதனால்தான் சான்றிதழை ஊதிப் பெருக்கும் வேலை நடக்கிறது. அதனால்தான் இன்சூரன்ஸ் கம்பெனிகள் எல்லாச் சான்றிதழையும் சந்தேகிக்கின்றன. கால் ஒன்றுக்கு 30 சதவீதம் என்பது முழு உடலுக்கு 30 அல்ல. அந்த ஊனம் உங்கள் தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்பதே கணக்கு. கொத்தனாருக்கு முட்டி மடங்காததும் கணக்கு எழுதுபவருக்கு மடங்காததும் ஒன்றா? மருத்துவரின் சாட்சியத்தில் இது வர வேண்டும்.

மனுவுக்குச் சட்டம் சொல்லும் காலம் ஆறு மாதம், அதற்குள் போட்டுவிடுங்கள். மோதிய வண்டி கடைசிவரை தெரியாவிட்டால் தனித் திட்டம் உண்டு: இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. எப்.ஐ.ஆர்., ஸ்கெட்ச் (விபத்து நடந்த இடத்தின் வரைபடம்), எம்.வி.ஐ. ரிப்போர்ட் (மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை) போன்றவற்றைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். 'நான் வாங்கித் தரேன், பர்சன்டேஜ் கொடு' என்று வார்டுக்கே வரும் ஆட்களிடம் வெற்று வக்காலத்தில் கையெழுத்து போட வேண்டியதில்லை.

விரிவான அறிக்கை வந்த 30 நாளில் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு தொகையைச் சொல்ல வேண்டும். மேலே உள்ள கணக்கை உங்கள் வயதுக்கும் வருமானத்துக்கும் போட்டுப் பார்த்துவிட்டு, ஒத்துக்கொள்வதா வழக்கைத் தொடர்வதா என்று அப்போது முடிவு செய்யுங்கள்.