மே மாதத்தில் பிள்ளைகளோடு கடலுக்கு: கன்னியாகுமரியா, திருச்செந்தூரா, அரியமானா?

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பியதும், மதுரை வீடுகளில் அடுத்த பேச்சு பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்பதுதான். கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை காயும். கொடைக்கானலுக்கு இப்போது இ-பாஸ் வேண்டும். அதை எடுத்துக்கொண்டு போனாலும் மலைப்பாதையில் வண்டிகள் நகர மாட்டா. அப்புறம் பேச்சு தானாகவே கடல் பக்கம் திரும்பும்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் திரும்பியது. மூத்தவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நாலு. கூட அப்பத்தாவும் வருவதாக இருந்தது. கன்னியாகுமரி, திருச்செந்தூர், ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் என்று மூன்று யோசனைகள் வந்தன. அரியமானை முடிவு செய்து போய்வந்தோம். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு இன்றைக்கும் நான் அதையேதான் சொல்வேன்.

தூரத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. கன்னியாகுமரி 245 கிலோமீட்டர் போல. முழுக்க நான்குவழிச் சாலை, கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்க நிறுத்தினாலும் ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம். ரயிலும் நிறைய இருக்கிறது. திருச்செந்தூர் 180 வாக்கில், அருப்புக்கோட்டை, எட்டயபுரம், தூத்துக்குடி வழி. அரியமான் 135 போல. பரமக்குடி வரை நான்குவழி, அதற்கப்புறம் இருவழி. உச்சிப்புளிப் பக்கம் ராமேஸ்வரம் சாலையிலிருந்து இடதுபுறம் பிரிந்து போக வேண்டும். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறும் முன் தண்ணீரில் கால் வைக்கலாம். தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் மூன்று இடத்திலும் பெரிதாக வேறுபடவில்லை.

பார்க்க நிறைய வேண்டும் என்றால் கன்னியாகுமரிக்கு ஈடில்லை. 1970இல் திறந்த விவேகானந்தர் பாறை, 2000 ஜனவரி முதல் நாள் திறந்த 133 அடி வள்ளுவர் சிலை, இரண்டையும் இணைத்து 2024 டிசம்பர் கடைசியில் வந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம், கொஞ்சம் தள்ளி வட்டக்கோட்டை, பத்மநாபபுரம் அரண்மனை. மே கடைசியில் அங்கே மேகம் கூடிவிடும், காற்று இருக்கும். மதுரை வெயிலில் இருந்து போகிறவர்களுக்கு அதுவே பெரிய ஆறுதல். படகுக்கு வரிசையில் நிற்கப் பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்க வேண்டும். அலை கூடினால் படகை நிறுத்திவிடுவார்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் யோசிக்காமல் கன்னியாகுமரிக்கே போகலாம்.

ஆனால் நாலு வயதுப் பிள்ளைக்குக் கடல் பார்க்கிற இடம் இல்லை, இறங்குகிற இடம். வள்ளுவர் சிலையை ஐந்து நிமிடம் பார்ப்பாள். மண்ணில் உட்கார்ந்து, வருகிற தண்ணீரைக் கையால் அடித்து விளையாட விட்டால் மூன்று மணி நேரம் எழுந்து வர மாட்டாள். ஆகவே எந்தக் கடலில் அவளை இறக்கலாம் என்ற ஒரே கேள்வியில்தான் எங்கள் முடிவு தங்கி நின்றது. விடுதி, கோவில், சாப்பாடு எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

தெற்கே இந்தியப் பெருங்கடலுக்கும் கன்னியாகுமரிக் கரைக்கும் நடுவே தடுப்பு எதுவும் கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் வெகுதூரத்தில், பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கிற புயல்கள் எழுப்பும் நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வந்து இந்தக் கரையில் ஏறும். இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், கடல் மட்டும் திடீரென்று பொங்கும். கள்ளக்கடல் என்று அந்தப் பக்கத்து மீனவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கடல் இழுத்துக்கொண்டு போனது இந்தக் கள்ளக்கடல் நாளில்தான். வளர்ந்த பிள்ளைகளுக்கே அந்தக் கதி. பள்ளி விடுமுறையும் கள்ளக்கடல் வருகிற காலமும் ஒன்றாகவே வருவதால், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் சின்னப் பிள்ளைகளை இறக்க எனக்குத் துளியும் மனம் வராது. முக்கடல் சங்கமத்தில் பாறைகளுக்கு நடுவே குளிக்கிற இடம் இருக்கிறது. அங்கே கூட்டமும் வழுக்கலும் அதிகம். கால் நனைக்கலாம், விளையாட முடியாது.

திருச்செந்தூரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முருகனுக்காகப் போகிற ஊர் அது. கடலில் குளித்து, நாழிக்கிணற்றில் குளித்து, தரிசனம் செய்து வருவதற்கு அதற்கு மேலான ஊர் இல்லை. எங்கள் அப்பத்தாவின் ஓட்டும் அதற்குத்தான் விழுந்தது. கடற்கரையும் கோவிலை ஒட்டியே இருக்கிறது. ஆனால் மே, ஜூனில் வைகாசி விசாகம் வந்துவிடும். அதை ஒட்டிய நாட்களில் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. கூட்டத்தில் அலையைக் காட்டிலும் பிள்ளை கைதவறிப் போவதுதான் பெரிய பயம். கரை சில இடங்களில் சட்டென்று சரிகிறது, நீர் வற்றும்போது பாறைகள் வெளியே தெரிகின்றன. பக்கத்தில் மணப்பாடு அழகான ஊர், குன்றின் மேல் 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோவில் இருக்கிறது. அங்கே பகலில் போய்வந்ததோடு சரி, தங்கிப் பிள்ளைகளை விளையாட விட்டதில்லை. அதனால் அதை இந்த அலசலில் சேர்க்கவில்லை.

இனி அரியமான். குஷி பீச் என்றும் சொல்கிறார்கள். வடக்கு பார்த்த கரை, எதிரே இருப்பது பாக் நீரிணையை ஒட்டிய விரிகுடா. இந்தக் கடலின் பெரும்பகுதி பத்து, பதினைந்து மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். தெற்கிலிருந்து வருகிற பெருங்கடல் அலையை ராமேஸ்வரம் தீவும், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை நீளும் மணல் திட்டுகளும், அதற்கப்பால் இலங்கையும் தடுத்துவிடுகின்றன. கன்னியாகுமரிக் கரையில் ஏறுகிற அலை இங்கே வந்து சேர வழியில்லை. தரையும் சமம். பெரியவர்கள் நெடுந்தூரம் நடந்து போனாலும் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறாது. கரையோரத்தில் சின்னவளுக்கு முழங்கால் அளவுதான் இருந்தது. வருகிற அலையும் உழக்கு, நாழி அளவுக்குத்தான் வந்தது.

இதோடு காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மே மாதத்தில் காற்று தென்மேற்கிலிருந்து வீசத் தொடங்கிவிடும். தெற்கே மன்னார் வளைகுடா பக்கம் கடல் கொந்தளிக்கும், வடக்கே பாக் விரிகுடா பக்கம் அமைதியாகக் கிடக்கும். ஒரே ஊர், ஒரே நாள், ஒரு சாலையைக் கடந்தால் வேறு கடல். மண்டபத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் என் வீட்டுக்காரர் விசாரித்தார். "தெக்க கடல் எந்திரிச்சிருச்சு தம்பி, வடக்க படுத்துக் கெடக்கு. பிள்ளைகள வடக்க விடுங்க" என்றார் அவர். உள்ளூர்க்காரர்கள் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் பிரித்துப் பேசுகிறார்கள். மே மாதத்தில் அந்தப் பேச்சை அப்படியே நம்பலாம்.

இந்த இடத்தில் தாய்மார்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. தென்மேற்குக் காற்று அரியமானில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். தண்ணீர் படுத்துக் கிடப்பதற்குக் காரணமும் அதுதான், ஆபத்தும் அதில்தான். காற்றடைத்த ரப்பர் வளையம், மிதவைப் படுக்கை, பெரிய பந்து எதையும் அங்கே தண்ணீரில் விடாதீர்கள். பந்தைக் காற்று உள்ளே தள்ளிக்கொண்டே போகும், பிள்ளை அதன் பின்னாலேயே நடக்கும். தரை சமமாக இருப்பதால் பயமே வராது, அதனால் நெடுந்தூரம் போய்விடும். நாங்கள் பக்கெட், மண்வெட்டி, கொட்டாங்குச்சி மட்டும்தான் கொடுத்தோம். பெரியவர் ஒருவர் பிள்ளைக்குக் கடல் பக்கமாக நிற்க வேண்டும், கரையில் உட்கார்ந்து பார்த்தால் போதாது. கடல் அமைதியாக இருக்கிறது என்பதற்காக இதில் மட்டும் அசட்டை கூடாது.

அரியமானின் இன்னொரு வசதி சவுக்குத் தோப்பு. கரையை ஒட்டியே நிழல் இருக்கிறது. அப்பத்தா பாய் விரித்துப் படுத்துக்கொண்டார், பிள்ளைகள் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தார்கள். கன்னியாகுமரியில் நிழல் வேண்டும் என்றால் கடையைத்தான் தேட வேண்டும். மே மாதத்தில் காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை, அப்புறம் மாலை நாலரைக்கு மேல், அவ்வளவுதான் கடல். நடுவில் தோப்பில்கூட வெக்கை அடிக்கும், அறைக்குப் போய்விடுவது நல்லது.

குறைகளும் இருக்கின்றன. சில நாள் கடற்புல் கரை முழுக்க ஒதுங்கி நாறும். ஜெல்லி மீன் வருகிற நாட்களும் உண்டு. இறங்குவதற்கு முன் ஒருமுறை கரையோரம் நடந்து பார்த்துவிட்டு, உள்ளூர் ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சிப்பி குத்தாமல் இருக்க ரப்பர் செருப்போ ஷூவோ போட்டுவிடுங்கள். நல்ல தண்ணீர்தான் பெரிய பாடு. ராமநாதபுரம் மாவட்டத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. குடிக்க ஒரு கேன், பிள்ளைகளைக் கழுவிவிட ஒரு கேன் என்று மதுரையிலேயே வண்டியில் ஏற்றிவிடுவது உத்தமம். சனி, ஞாயிறில் சுற்றுவட்டார ஆட்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருப்பார்கள். வேலைநாளாகப் பார்த்துப் போனால் கரை உங்களுக்கே.

தங்குவதற்கு நாங்கள் ராமேஸ்வரத்தில் அறை எடுத்தோம். தினமும் போய்வரும் தூரம் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் கோவில் கூடவே அமைந்துவிடுவதால் அப்பத்தாவுக்கும் நிறைவு. கடலை ஒட்டியே தங்க விரும்புகிறவர்கள் மண்டபம், உச்சிப்புளிப் பக்கம் பார்க்கலாம். அங்கே நாங்கள் தங்கியதில்லை. அக்னி தீர்த்தத்திலும் அலை இருக்காது, ஆனால் நாள் முழுக்க யாத்திரைக் கூட்டம். அதைப் பிள்ளைகள் விளையாடுகிற கரையாக நினைக்க வேண்டாம்.

நடுப்பகலுக்குப் பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் இருக்கிறது. 2017 ஜூலை 27இல் திறந்தது. ராக்கெட், ஏவுகணை மாதிரிகளை விட்டு மூத்தவனை நகர்த்த முடியவில்லை. பாம்பனில் 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய ரயில் பாலமும் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தும். நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மேலே ஏறி, கப்பலுக்கு வழிவிடும். பக்கத்தில்தான் 1914இன் பழைய பாலம் இருந்தது. 1988இல் வந்த சாலைப் பாலத்தின் மேல் வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்க்கிறார்கள். சின்னப் பிள்ளைகளை அங்கே இறக்காதீர்கள், பேருந்துகள் உரசிக்கொண்டு போகும். ரயிலில் ஒருமுறை பாலத்தைக் கடப்பது நல்லது. போகிற வழியிலேயே கீழடி அருங்காட்சியகமும் இருக்கிறது. பானைகளும் பகடைக்காய்களும் ஏழு வயதுக்குப் புரியும், நாலு வயதுக்குப் புரியாது.

தனுஷ்கோடிக்குக் கட்டாயம் போங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரைக் காட்டி அப்பத்தா சொன்ன கதையைப் பிள்ளைகள் இப்போதும் கேட்கிறார்கள். ஆனால் அது பார்க்கிற கடல் மட்டும்தான். நீரோட்டம் பலமானது, மே மாதத்தில் தெற்குப் பக்கம் அலை வெறியோடு அடிக்கும். வண்டியை விட்டு இறங்கியதும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மாலையில் நேரத்தோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள், அறையிலிருந்து மூன்று மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

மீனை நம்பிப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுக்காரர்கள் மட்டும் போவதால் மீன் குறைவாக வரும், விலை கூடும். பழைய மீனை ஐஸில் வைத்துப் பொரித்துக் கொடுக்கிற கடைகளும் உண்டு. பிள்ளைகளுக்கு வெளியில் மீன் வாங்கிக் கொடுக்காமல் இட்லி, தோசை, தயிர்ச்சோறு என்றே ஓட்டினோம். யாருக்கும் வயிறு கெடவில்லை. தடைக்காலம் மூன்று ஊருக்கும் பொதுதான்.

இத்தனையும் மே, ஜூனுக்குச் சொன்னது. அரையாண்டு விடுமுறைக்கு இதே கணக்கைக் கொண்டுபோகாதீர்கள். ஐப்பசிக்கு மேல் காற்று வடகிழக்குக்கு மாறிவிடும், அரியமான் கரை அப்போது காற்றை நேராக வாங்கும். தண்ணீர் கலங்கி, அலை எழும்பி, கோடையில் பார்த்த கடல்தானா என்று கேட்கத் தோன்றும். டிசம்பரில் கன்னியாகுமரிக்குப் போய்ப் பாறையையும் சிலையையும் பார்த்துவிட்டு வாருங்கள், அரியமானைக் கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.