ஒட்டும் கிளட்ச்சோடு மூன்று குளிர்காலம்

ட்ரையல்ஸ் பைக் வாங்கி இது மூன்றாவது குளிர்காலம். ஓட்டிய நேரத்தைவிடக் கிளட்ச்சைக் கழற்றி மாட்டிய நேரம்தான் அதிகம் என்று வீட்டில் சொல்கிறார்கள். மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை.

இது வேகத்துக்கான வண்டி இல்லை. பாறை, ஓடை, மரவேர், சேற்றுச் சரிவு என்று நாடா கட்டிக் குறித்த இடத்தைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு முறை ஊன்றினால் ஒரு புள்ளி, இரண்டுக்கு இரண்டு, அதற்கு மேல் எத்தனை என்றாலும் மூன்று, விழுந்தால் ஐந்து. குறைவாக வாங்கியவர் ஜெயிப்பார். உட்கார சீட் கிடையாது, நின்றபடிதான் ஓட்டம். ஒற்றை விரலால் கிளட்ச்சை இழுப்பதும் விடுவதுமாகத்தான் வண்டியே நகரும். சாலை பைக்கில் கிளட்ச் கொஞ்சம் மக்கர் பண்ணினால் சமாளித்துவிடலாம். இதில் அன்றைய ஆட்டமே போச்சு.

நான் இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் இருக்கிறேன், ஓட்டுவது பக்கத்து மலைப்பகுதியான பீக் டிஸ்ட்ரிக்டில். என்னுடையது 250 சிசி டூ ஸ்ட்ரோக், ஏற்கெனவே ஒருவர் ஓட்டியது, எடை எழுபது கிலோ சொச்சம். முதல் ஜனவரியிலேயே தொல்லை ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்து, லீவரை முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு முதல் கியர் போட்டால், வண்டி முன்னால் ஒரு துள்ளு துள்ளி அணைந்துவிடும். பத்து நிமிடம் ஓட்டினால் சரியாகிவிடும்.

இது ஹைட்ராலிக் கிளட்ச், லீவரை இழுக்கும் விசையைக் கம்பிக்குப் பதில் பைப்பில் இருக்கும் ஆயில் கொண்டுபோகும். அது ஒட்டுகிறது, அதாவது இழுத்தாலும் பிரியவில்லை என்றால், பைப்பில் காற்று புகுந்திருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் நம்பினேன். அந்தக் குளிர்காலத்தில் நான்கு முறை காற்று எடுத்தேன். நான்காவது முறை கார் பிரேக்குக்கு வாங்கியதில் மிச்சமிருந்த டாட் 4 ஆயிலை ஊற்றினேன். லீவரோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் மூடியில் இருந்த எழுத்து தேய்ந்துபோயிருந்தது. அது மினரல் ஆயில் மட்டுமே ஊற்ற வேண்டிய சிலிண்டர் என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

வழி காட்டியது எங்கள் பக்கம் ஓட்டும் ஒரு பெரியவர். எழுபது வயதிருக்கும். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "சூடானதும் சரியாகிறதா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "அப்படியானால் காற்று இல்லை. சூடு ஏறினால் காற்று காணாமல் போகாது, கிளட்ச் பிளேட்டுகளுக்கு நடுவே இருக்கிற கியர் ஆயில்தான் இளகும். பிளேட்டைப் பார்" என்றார்.

வண்டியை இடது பக்கமாகப் படுக்கப் போட்டால் கியர் ஆயிலை வடிக்காமலே கிளட்ச் மூடியைக் கழற்றலாம். கழற்றியதும் லீவரை இழுத்து, மற்ற பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் மேலே எழுகிறதா என்று முதலில் பார்த்தேன். நன்றாகவே எழுந்தது, எல்லாப் பக்கமும் ஒரே அளவாக. அங்கேயே ஹைட்ராலிக் குற்றவாளி இல்லை என்று முடிவாகிவிட்டது. ஐந்து நிமிட வேலை. இதை முதலில் செய்யாமல் நான்கு முறை காற்று எடுத்திருக்கிறேன்.

பிளேட்டை வெளியே எடுத்து விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். நார்த் துண்டுகளைத் தகட்டில் ஒட்டிய பசை, துண்டுகளின் ஓரங்களில் பிதுங்கி, காய்ந்து, துண்டின் மேல்மட்டத்துக்கே உயர்ந்திருந்தது. பழுப்பாக, பலாப்பால் காய்ந்த மாதிரி. பக்கத்து இரும்புத் தகட்டோடு இந்தப் பசையும் உரசிப் பளபளவென்று ஆகியிருந்தது. வழுவழுப்பான இரண்டு பரப்புக்கு நடுவே குளிர்ந்த ஆயில் இருந்தால் அவை லேசில் பிரியுமா? ஈரக் கண்ணாடிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சின்னக் கத்தியால் நார் சிதையாமல் பசையை மட்டும் சுரண்டினேன். இரண்டு சாயங்காலம் ஆனது. இரும்புத் தகடுகளைக் கண்ணாடிமேல் விரித்த எமரித் தாளில் லேசாகத் தேய்த்து, பிளேட்டுகளை ஓர் இரவு ஆயிலில் ஊறவைத்து மாட்டினேன். மறுநாள் உறைபனி. கியர் போட்டேன், துள்ளவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். ஜூனில் வேறொன்று தொடங்கியது. ஏற்றத்தின் நடுவில் லீவரை விட்டால் என்ஜின் அலறுகிறது, சக்கரம் சோம்பேறியாகச் சுற்றுகிறது. முன்பு லீவரை இழுத்தாலும் பிளேட் பிரியவில்லை, இப்போது விட்டாலும் சேரவில்லை. இரண்டையும் "ஒட்டுது" என்ற ஒரே வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்ததால், பழைய கோளாறே திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி பிளேட்டைக் கழற்றினேன். பிளேட்டில் ஒன்றுமில்லை.

கிளட்ச் வழுக்கும்போதே வண்டியை நிறுத்தி, என்ஜின் பக்கம் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரில், காற்று எடுக்கத் திறக்கும் திருகை (பிளீட் நிப்பிள்) இம்மி திருகிப் பார்த்தேன். சீறிக்கொண்டு கொஞ்சம் ஆயில் வந்தது, கிளட்ச் உடனே கெட்டியாகப் பிடித்தது. அழுத்தம் உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் தொட்டி அடியில் ஊசிமுனை அளவில் ஒரு துளை இருக்கும். லீவரை விட்டதும் மிச்ச ஆயில் அது வழியாகத்தான் மேலே திரும்ப வேண்டும். மூடியைத் திறந்து லீவரை மெதுவாக அசைத்தால் துளையிலிருந்து ஒரு குட்டி நீரூற்று எழும்ப வேண்டும். என்னுடையதில் ஒரு சலனமும் இல்லை. கார் பிரேக் ஆயிலில் ஊறி ரப்பர் சீல் உப்பியிருந்தது. பிஸ்டன் முழுக்கப் பின்னால் வராமல் துளையை மூடிக்கொண்டே நின்றது. ஆக, இல்லாத நோய்க்கு நான் பார்த்த வைத்தியம் புது நோயாகி வந்திருக்கிறது.

மாஸ்டரிலும் ஸ்லேவிலும் சீல் புதிது, பைப் முழுக்கக் கழுவல், மினரல் ஆயில். இந்த முறை மருந்துக் கடை சிரிஞ்ச்சால் கீழே ஸ்லேவிலிருந்து மேல்நோக்கி ஆயிலை ஏற்றினேன். காற்று தானாகவே மேலே போகிற பொருள், அதைக் கீழே இழுக்க ஏன் போராட வேண்டும்? லீவரில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும்படி ஸ்க்ரூவையும் தளர்த்தினேன். அது இல்லாவிட்டால் நல்ல சீல் இருந்தாலும் துளை மூடியேதான் கிடக்கும்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷமாகப் பெரிய குறை இல்லை. கியர் பாக்ஸில் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கார் கியருக்கான ஆயில்) ஊற்றிப் பார்த்தேன். குளிரில் பிளேட் சுலபமாகப் பிரிகிறது, ஆனால் வெடுக்கென்று பிடிக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை, பழைய ஆயிலுக்கே திரும்பிவிட்டேன். காலையில் கிளம்பும் முன் இரண்டாவது கியரில் லீவரை இழுத்துப் பிடித்து, வண்டியை நாலு தடவை முன்னும் பின்னும் தள்ளுவேன். கடக்கென்று பிளேட் பிரிவது கைக்குத் தெரியும், பிறகுதான் கிக்கர்.

பிளேட்டுகள் செருகியிருக்கும் கூடையான கிளட்ச் பாஸ்கெட்டின் அலுமினிய விரல்களில் பிளேட் இடித்து இடித்துச் சின்னப் பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. போன மாதம் அரத்தால் லேசாக ராவி விட்டேன். இன்னொரு முறை ராவினால் விரல் மெலிந்துவிடும். அடுத்த குளிர்காலத்துக்குள் புது பாஸ்கெட் வாங்க வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.