கல்லடிக் கிணறும் சவர்க்காரமும்: ஏழு வருட அனுபவம்

நான் வளர்ந்தது அம்பாறை மாவட்டத்தில், வீரமுனைப் பக்கம். குளியல் என்றால் வாய்க்கால்தான். கல்லோயாத் திட்டத்துத் தண்ணீர். சவர்க்காரத்தை உள்ளங்கையில் இரண்டு தரம் உருட்டினால் முழங்கை வரை நுரை வழியும். அதைக் கழுவித் தீர்ப்பதுதான் பெரும்பாடு. எத்தனை முழுக்குப் போட்டாலும் தோலில் ஒரு வழுவழுப்பு மிஞ்சும்.

2018இல் கலியாணம் முடிந்ததும், மட்டக்களப்பு வழக்கப்படி பெண் வீட்டுக்கே குடிவந்தேன். இடம் கல்லடி. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவே மணலில் எங்கள் கிணறு. ஊரிலிருந்து கொண்டுவந்த அதே சவர்க்காரத்தைத்தான் முதல் நாள் தேய்த்தேன். நுரை எழவில்லை. தலைமயிரில் மெழுகு பூசியதுபோல் ஒட்டிக்கொண்டது. வாளியில் பால் திரிந்ததுபோல் வெள்ளைத் திப்பிகள் மிதந்தன. கடையில் போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த நான்கு மாதங்களில் ஐந்து வகைச் சவர்க்காரம் வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அதே கதிதான். மாமி இதையெல்லாம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள், கூரைப் பீலியின் கீழ் மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்த பீப்பாவைக் காட்டி, "மகன், கட்டியை மாற்றி என்ன பலன்? இதில் ஒரு வாளி அள்ளிப் பாருங்கள்" என்றார். அந்த வாளியில் வாய்க்கால் நுரை திரும்பி வந்தது.

வன்னீர், மென்னீர் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டது. சவர்க்காரம் என்பது கொழுப்பமிலத்தின் சோடியம் உப்பு, தண்ணீரில் கரையும். வன்னீரில் உள்ள கல்சியமும் மகனீசியமும் அந்தக் கொழுப்பமிலத்தைப் பிடித்துக்கொண்டால் கரையாத படையாகிவிடும். நான் மெழுகு என்று நினைத்தது அதைத்தான். தண்ணீரில் உள்ள கல்சியம் முழுவதும் இப்படித் தீர்ந்த பிறகே நுரை பிறக்கும். கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டு லீற்றருக்கு 300 மில்லிகிராம் வன்மை உள்ள தண்ணீர் என்றால், 10 லீற்றர் வாளி ஏறக்குறைய 18 கிராம் சவர்க்காரத்தை வீணே விழுங்கும். உடுப்பு ஊறவைக்கும் ஐந்தாறு வாளிக்கு 100 கிராம் கட்டி ஒன்று காணாமற்போகும், அழுக்கைத் தொடாமலே.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மருந்துப் போத்தல்களை எடுத்தேன். ஒன்றில் மழைத்தண்ணீர், ஒன்றில் குழாய்த்தண்ணீர், ஒன்றில் கிணற்றுத்தண்ணீர். மூன்றும் ஒரே மட்டம். சவர்க்காரத்தைச் சீவி மழைத்தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு துளியாக விட்டுக் குலுக்கினேன். நுரை ஐந்து நிமிடம் நிற்க வேண்டும் என்பது கணக்கு. மழைத்தண்ணீருக்கு 3 துளி போதுமாக இருந்தது. குழாய்த்தண்ணீருக்கு 7. கிணற்றுத்தண்ணீர் முதல் இருபது துளிக்கும் வெறுமனே கலங்கிக்கொண்டே போனது. 41ஆவது துளியில்தான் நுரை நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோமஸ் கிளார்க் என்ற ஸ்கொட்லாந்து இரசாயனவியலாளர் வன்மையை அளந்ததும் இதே முறையில்தான். என் மனைவிக்கோ, நல்ல மனிதன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமையில் போத்தல் குலுக்குகிறானே என்ற கவலை.

பக்கத்து வீட்டு அண்ணர் தேத்தாங்கொட்டை உரைத்துப் போடச் சொன்னார். அது கலங்கலைத் தெளியவைக்கும், வன்மையை ஒன்றும் செய்யாது, படிகாரமும் அப்படித்தான். கொதிக்கவைத்தால் வன்மையில் ஒரு பங்கு மட்டும் இறங்கும். எங்கள் கேத்தலின் அடியில் இருந்த வெள்ளைக் கல் அதற்குச் சாட்சி. உவர்ப்பு வேறு கதை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிணறு இறங்க இறங்க உப்பு ஏறும். அதைக் கொதிக்கவைத்தால் இன்னும் உப்பாகும், அவ்வளவுதான்.

உடுப்புக்கு இப்போது சலவைத்தூள்தான். அது சவர்க்காரம் அல்ல, செயற்கை அழுக்ககற்றி. கல்சியத்தோடு சேர்ந்து படையாவதில்லை. மகனின் வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை கட்டிச் சவர்க்காரத்தில் ஒரே தவணைக்குள் சாம்பல் நிறமாகிக் கழுத்துப் பட்டி விறைத்துப்போனது. தூளுக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. மாமி தன் சீலைகளுக்குக் கட்டியை விடுவதாயில்லை. அவருக்காக முதலில் சலவைச் சோடாவைக் கலக்கி வைப்பேன். கல்சியம் வெள்ளைப் பொடியாக அடியில் இறங்கும், மேல் தண்ணீரில் சவர்க்காரம் வேலை செய்யும். கை எரியும் என்பதால் குளிக்க உதவாது. தலைக்கு ஷாம்பு, எப்போதாவது சவர்க்காரம் போட்டால் கடைசியில் ஒரு சட்டித் தண்ணீரில் அரைத் தேசிக்காய் பிழிந்து ஊற்றினால் பிசுபிசுப்பு விடும்.

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் வருகிறதே, பிறகு ஏன் கிணறு என்று கேட்கலாம். குழாய் சமையலுக்கும் குடிப்பதற்கும். வேர்த்து வந்த உடம்புக்குக் கிணற்றடிதான். துலாக் காலத்துப் பழக்கமோ என்னவோ, இந்த வீட்டில் குழாயடியில் யாரும் குளிப்பதில்லை. கிணற்றடியில் எனக்குத் தோதுப்பட்டது தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம். கல்சியம் இதையும் விட்டுவைப்பதில்லை, படை கொஞ்சம் வரத்தான் செய்யும். ஆனால் உவர்நீரிலும் கரைந்து நுரைக்கும். கப்பற்காரருக்குக் கடல்நீர்ச் சவர்க்காரம் செய்ததும் தேங்காயெண்ணெயில்தான். கட்டி சீக்கிரம் கரையும், தோல் சற்று வறளும், இரண்டும் பொறுக்கலாம்.

பொறுக்க முடியாதது காகம். கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு முகம் கழுவிக் கண்ணைத் திறப்பதற்குள் தூக்கிக்கொண்டு போய்விடும். இந்த வருடம் மட்டும் மூன்று கட்டிகள் போயின. இப்போது சிரட்டையால் மூடி, மேலே ஒரு கல்லும் வைக்கிறேன்.