வாவிக் களியில் டீசல் ஹமர்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மட்டக்களப்பு வாவியோரத்து இறங்குதுறைகளுக்கும் சிறு பாலங்களுக்கும் கொங்கிறீற்றுப் பைல் (மண்ணுள் அடித்து இறக்கும் அத்திவாரத் தூண்) இறக்குவதற்கு, இரண்டரைத் தொன் பிஸ்டன் கொண்ட, நீரால் குளிரூட்டப்படும் பழைய யப்பானிய டீசல் ஹமர் ஒன்றைப் பல வருடங்கள் பயன்படுத்தினோம். கொம்பிரசரோ ஜெனரேற்றரோ இல்லாமல், ஒரு கிரேனும் கொஞ்சம் டீசலும் இருந்தால் வேலை தொடங்கிவிடும் என்பதே அதை வாங்கியதற்குக் காரணம்.

கிரேன் பிஸ்டனை ஒருமுறை தூக்கி விட்டால், அது விழும்போதே பம்பின் நெம்பைத் தட்டி டீசலை உள்ளே விடும். அடைபட்ட காற்றை அழுத்திக்கொண்டு, பைலின் தலைப்பக்கம் அமர்ந்திருக்கும் பட்டடையில் மோதும்போது டீசல் சிதறித் தீப்பற்றி, பைலைக் கீழே தள்ளிப் பிஸ்டனை மேலே எறியும். நிமிடத்துக்கு 40 முதல் 60 அடிகள். 1930களின் இறுதியில் ஜெர்மனியின் எஸ்லிங்கன் நகரத்து டெல்மாக் நிறுவனம் இதனை உருவாக்கியது. பின்னர் யப்பானியர் நீர்க் குளிரூட்டலுடன் பெரிய வரிசைகளையே செய்தனர்.

வாவியின் மேல்மட்டச் சுரியில் இந்த ஹமர் படுத்தும் பாடு சொல்லி மாளாது. பைல் எதிர்ப்பின்றி இறங்குவதால் பிஸ்டன் போதிய அளவு எழாது, ஹமர் நின்றுவிடும், கிரேன்காரர் மீண்டும் தூக்க வேண்டும். இதைக் குறையென்று மட்டும் சொல்வது நியாயமில்லை. இளகிய மண்ணில் அடி தானாகக் குறைவதால், நீண்ட கொங்கிறீற்றுப் பைலில் இழுவிசை வெடிப்பு வரும் வாய்ப்பும் குறைகிறது. கல்முனைப் பக்கத்து இறுகிய மணலில் அதே ஹமர் பம்பரமாகச் சுழன்றது.

உண்மையான ஆபத்து நண்பகல் வெயிலில்தான். தண்ணீர் கொதித்து வற்றியதும், பிஸ்டன் மோதுமுன்பே டீசல் தீப்பற்றிவிடும். பிஸ்டன் உயரப் பாயும், ஆனால் வெடித்த வாயு மெத்தைபோல் தடுப்பதால் பைல் அசையாது. அடிக்கணக்கை மட்டும் எழுதும் மேற்பார்வையாளர் ‘இறுகிவிட்டது’ என்று கையெழுத்திடுவார். சிலிண்டரில் பெயின்ற் கருகுவதையும், புகைத் துளைகளில் சுவாலை தெரிவதையும், இரும்பில் இரும்பு மோதும் ‘டணார்’ என்ற ஓசை மழுங்குவதையும் கண்டால், ஹமரை ஆறவிட்டு அதே பைலை மறுபடியும் அடித்துப் பார்க்க வேண்டும். இதற்கு எந்தக் கையேட்டையும்விட அனுபவமுள்ள காது உதவும்.

இந்த வரிசை வீழ்ந்ததற்குக் காரணம் மண்ணன்று, அயலார். யப்பானில் 1968ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1976ஆம் ஆண்டின் அதிர்வுக் கட்டுப்பாட்டுச் சட்டமும் பைல் அடிப்பதை நேரடியாகக் கட்டுப்படுத்தின; தள எல்லையில் 85 டெசிபெல்லுக்கு மேல் கூடாது என்ற வரம்பைத் திறந்த டீசல் ஹமரால் நகரத்துள் கடைப்பிடிக்க முடியவில்லை. துளையிட்டு வார்க்கும் பைல்களும் ஹைட்ரோலிக் ஹமர்களும் அந்த இடத்தைப் பிடித்தன. இங்கும் கதை வேறில்லை: சாதாரண தரப் பரீட்சைக் காலத்தில் அதிபர்களின் முறைப்பாடு, கொடியில் காயும் வெள்ளைச் சீருடையில் ஹமர் தெறித்த எண்ணெய்த் துளிகள். உற்பத்தி நின்ற மாதிரிக்குப் பிஸ்டன் வளையங்களும் பம்பு உதிரிப்பாகங்களும் தேடி அலைந்த செலவைப் பார்த்தபோது, அதை விற்பதே மேலென்று முடிவெடுத்தோம்.

வீடுகளற்ற களப்போரத்தில், இரும்புப் பைலுக்கு, காலை வேளையில் மட்டும் என்றால் இன்றும் வாடகைக்கு எடுப்பேன். பாடசாலைக்கோ வைத்தியசாலைக்கோ அருகில் என்றால் விலை கேட்கவும் மாட்டேன்.