பெயர்ப்பலகை வந்தது, வீடு வரவில்லை: டி.ஐ.ஏ. போர்ட்டல் அனுபவம்

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலை. பெரும்போக நெல் வந்து குவிகிற மாசி மாதம். உலர்த்தியின் வெப்பநிலை எல்லையை மாற்றித் தரச் சொல்லி ஹாஜியார் கூப்பிட்டார். காரைதீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினேன். முன்பு வேலை செய்தவர்கள் விட்டுப்போன பென்டிரைவ் ஒன்று பனல் கதவின் உட்புறம் டேப் போட்டு ஒட்டியிருந்தது. மேலே உமித்தூசு ஒரு விரற்கடை.

"எல்லாம் இதற்குள்தான் இருக்கிறதாம் தம்பி" என்றார்.

இருந்தது ஒரே ஒரு கோப்பு. ஏபி16 என்று முடிகிற பெயர். அளவைப் பார்த்தவுடனேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது. கைப்பேசியில் எடுத்த படம்கூட அதைவிடப் பெரிது.

சீமென்ஸின் டி.ஐ.ஏ. போர்ட்டல், இயந்திரங்களை இயக்கும் நிரலையும் தொடுதிரையையும் உருவாக்குகிற மென்பொருள். அதில் ஒரு திட்டம் என்பது ஒரு கோப்பு அல்ல, ஒரு முழுக் கோப்புறை. நாம் இரட்டைச் சொடுக்குப் போட்டுத் திறக்கிற அந்த ஏபி கோப்பு வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மட்டுமே. நிரலும் மாறிகளும் திரைகளும் குடியிருப்பது சிஸ்டம் என்ற உட்கோப்புறையில், பிஇடேட்டா என்ற பெயருள்ள பெரிய கோப்பில். யாரோ அவசரத்தில் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆலையில் இருந்தது எஸ்7-1200 வகை பி.எல்.சி. (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) என்பதால் பிழைத்தோம். அதிலிருந்து நிரலைப் பெயர்களோடும் குறிப்புகளோடும் கணினிக்குத் திருப்பி எடுக்க முடிந்தது. பழைய எஸ்7-300 ஆக இருந்திருந்தால் பெயரும் குறிப்பும் இல்லாத எலும்புக்கூடுதான் கிடைத்திருக்கும். ஆனால் தொடுதிரைப் பலகை அப்படித் திருப்பித் தராது. அதற்குள் போனது போனதுதான். பதினான்கு திரைகளையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வந்து, இரண்டு இரவு உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானாக மறுபடி வரைந்தேன். ஆலை வாசலில் உழவு இயந்திரங்கள் ஈர நெல்லோடு வரிசையில் நின்றன.

இத்தனைக்கும் இதே மென்பொருளில் 'ஆவணப்படுத்து' வசதி இருக்கிறது. என்னைக் கேட்டால் இதன் மிகச் சிறந்த பகுதி அதுதான். முழுக் கோப்புறையையும், பெயரின் முடிவில் ஸாப் என்ற எழுத்துகளும் பதிப்பு எண்ணும் வருகிற ஒரே கோப்பாகச் சுருக்கிப் பொதி கட்டித் தரும். மறுபடி உருவாக்கிக்கொள்ளக்கூடிய தரவுகளை விட்டுவிடச் சொல்லலாம். பெயரோடு திகதியையும் நேரத்தையும் தானே சேர்க்கச் சொல்லலாம். 'கடைசி', 'கடைசி புதியது', 'உண்மையான கடைசி' என்று பெயர் வைத்துத் திண்டாடுகிற என் போன்றவர்களுக்கு அந்தச் சிறு கட்டம் ஒரு வரம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைசியாகச் சேமித்த நிலையைத்தான் அது பொதி கட்டும். இதை நான் கற்ற விதம் அழகானதல்ல. நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டர் ஓடத் தொடங்கி நெல் விடும் கதவு திறப்பதற்கு இடையிலான நேரத்தை 8 விநாடியிலிருந்து 12 ஆக்கினேன். பி.எல்.சி.க்கு ஏற்றினேன், பொதி கட்டினேன், எல்லாம் பத்திரம் என்ற நினைப்பில் சேமிக்காமலே மூடினேன். அடுத்த மாதம் அந்தப் பொதியைப் பிரித்து வேறொரு மாற்றம் செய்து ஏற்றியபோது பழைய 8 திரும்பி வந்தது. எலிவேட்டர் வேகம் எடுக்கும் முன்பே நெல் கொட்டி அடிப்பெட்டி அடைத்துக்கொண்டது. இஷாவுக்குப் பிறகும் கையால் அள்ளிக்கொண்டிருந்தோம். தவறு முழுக்க என்னுடையது. மென்பொருளைத் திட்ட மனம் வந்தது, நியாயம் வரவில்லை.

பதிப்பு விடயத்தில் ஏறலாம், இறங்க முடியாது. வி16 இல் செய்ததை வி17 இல் திறந்தால் பெயருக்குப் பின்னால் வி17 என்று சேர்த்துப் புதிய நகல் ஒன்றை உருவாக்குகிறது. பழையது தொடப்படாமல் இருக்கும். அது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த நகலை மறுபடி வி16 ஆகச் சேமிக்க வழியில்லை. கல்லடியில் இருக்கிற நண்பனிடம் வி16 மட்டுமே உண்டு. அவனுக்காகவே இரண்டு பதிப்புகளையும் என் மடிக்கணினியில் வைத்திருக்கிறேன். இடம் விழுங்குகிறது, வேறு என்ன செய்வது?

'மேற்கோள் திட்டம்' என்ற வசதியை அதிகம் பேர் தொடுவதே இல்லை. பழைய திட்டத்தைப் படிக்க மட்டும் பக்கத்தில் திறந்து வைத்து, வேண்டிய நிரல் துண்டை இழுத்து இங்கே போட்டுக்கொள்ளலாம். இரண்டையும் ஒப்பிட்டும் பார்க்கலாம். வி16 முதல் கிட் போன்ற பதிப்புக் காப்பகத்தோடு இணைக்கவும் வழி உண்டு. தனியாளாக மூன்று ஆலைகளைப் பார்க்கிற எனக்கு அது இன்னும் தேவைப்படவில்லை.

வாங்க நினைப்பவர்கள் முதலில் 21 நாள் இலவசப் பதிப்பில் பழகிப் பார்க்கலாம். நிரல் எழுதுவதற்கு முன்பு பொதி கட்டவும் பிரிக்கவும் பழகுங்கள்.

போன கிழமை ஹாஜியாரிடம் புதிய பென்டிரைவ் கொடுத்தேன். இரும்புப் பெட்டியைத் திறந்து, நெல் பற்றுச்சீட்டுக் கட்டின் மேல் வைக்கப் போனவர் நிறுத்திக் கேட்டார்.

"இதற்குள் எத்தனை கோப்பு தம்பி?"

"ஒன்றுதான் ஹாஜியார்."

பென்டிரைவைக் கையில் பிடித்தபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தார். மடிக்கணினியைத் திறந்து, அவர் கண் முன்னாலேயே பொதியைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் பெட்டியைப் பூட்டினார்.