பக்க இணைப்பில் மின்னோட்டம்: கிளை வழியா, மொத்தத் தடை வழியா?

12 வோல்ட் மின்கலம். அதன் குறுக்கே 4, 6, 12 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில், அதாவது ஒவ்வொன்றும் மின்கலத்தின் இரு முனைகளுக்கும் நேரடியாக. மொத்த மின்னோட்டம் எவ்வளவு? கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே மாணவர்கள் தடைகளின் தலைகீழிகளை (1/4, 1/6, 1/12) கூட்டத் தொடங்கிவிடுகிறார்கள். இந்தக் கணக்குக்கு அது தேவையே இல்லை.

மூன்று கிளைக்கும் அதே 12 வோல்ட்தான். அதை ஒவ்வொரு தடையாலும் தனித்தனியே வகுத்தால் 3, 2, 1 ஆம்பியர், கூட்டினால் 6. ஒரு சந்திக்குள் வரும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமம் என்று கிர்க்காஃப் 1845இல் தந்த சந்தி விதியே இந்தக் கூட்டலுக்கு ஆதாரம். எந்தக் கிளையில் எவ்வளவு பாய்கிறது என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது. வீட்டு வயரிங்குக்கும் இதுதான் வழி, வாட்டை வோல்ட்டால் வகுக்க வேண்டும்: 230 வோல்ட்டில் 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர், 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.35. இரண்டும் சேர்ந்து 13 சொச்சம். 16 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) தாங்கும். அதே லைனில் 1500 வாட் கெட்டிலையும் போட்டால் 19.6, அளவு தாண்டிவிட்டது.

மொத்தத் தடை வழியில் 1/4 + 1/6 + 1/12 = 1/2. திருப்பிப் போட்டால் 2 ஓம், மின்னோட்டம் அதே 6 ஆம்பியர். இதைத் திருப்பிப் போட மறந்து அரை ஓம் என்று எழுதியவர்களுக்கு 24 ஆம்பியர் வரும். இன்னொரு தவறு இதைவிட மோசம். இரண்டு தடைகளுக்கான 'பெருக்கி, கூட்டுத்தொகையால் வகு' சூத்திரத்தை மூன்றுக்கும் நீட்டினால் 288/22, அதாவது 13 ஓம். பக்க இணைப்பில் மொத்தத் தடை, இருப்பதிலேயே சிறிய தடையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். 4 ஓமுக்கு மேல் போனாலே விடை தப்பு.

ஆனாலும் இந்த வழியை ஒதுக்க முடியாது. மின்கலத்துக்கு 1 ஓம் அகத்தடை (அதற்குள்ளேயே இருக்கும் தடை) இருந்தால் கிளைகளுக்கு 12 வோல்ட் முழுதாகக் கிடைக்காது. கிடைப்பது எவ்வளவு என்று முதலில் தெரியவும் தெரியாது. மொத்தத் தடை 2 + 1 = 3 ஓம், மின்னோட்டம் 4 ஆம்பியர். கிளைகளின் குறுக்கே 4 × 2 = 8 வோல்ட். இதற்குப் பிறகுதான் கிளைக் கணக்கு.

மின்னழுத்தம் தெரியாமல் மொத்த மின்னோட்டம் மட்டும் தெரிந்தால் பங்கீட்டு விதி: மின்னோட்டம் தடைகளின் தலைகீழி விகிதத்தில் பிரியும். தலைகீழிகளின் விகிதம் இங்கே 3:2:1. 6 ஆம்பியரை அப்படியே பிரிக்கலாம். சிறு மின்னோட்டத்தை மட்டும் அளக்கும் கால்வனாமீட்டரை, பெரிய மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டராக்க அதற்குப் பக்க இணைப்பில் போடும் சிறு தடையான ஷண்ட்டுக்கு இதுவே கை கொடுக்கும். 99 ஓம் கருவி 1 மில்லிஆம்பியரில் முழு விலக்கம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லிஆம்பியர் அளக்க, மீதி 99 ஷண்ட் வழியே போக வேண்டும். மின்னோட்டம் 99 மடங்கு என்றால் தடை 99இல் ஒரு பங்கு: 1 ஓம்.