ஹாய் ஃபெங் தெங்: மோந்து பார்த்து வாங்குங்கள்

அம்மாவுக்கு முட்டிவலி. மழை பிடித்துக்கொண்டால் காலையில் கட்டிலை விட்டு எழவே பத்து நிமிடம் ஆகும். இங்கே மலேசியாவில், பினாங்கில் ஒரு சீன வைத்தியரிடம் கூட்டிப்போனேன், அவர் கொடுத்த சீட்டில் முதல் சரக்கே ஹாய் ஃபெங் தெங். கடல், காற்று, கொடி என்று அர்த்தமாம். விசாரித்தால் அது மிளகு இனத்துக் கொடி ஒன்றின் காய்ந்த தண்டு! நம் மிளகு, வெற்றிலை, திப்பிலி எல்லாம் எந்த இனமோ அதே இனம். ஃபூஜியன், குவாங்டொங், தைவான் பக்கம் மரத்திலும் பாறையிலும் பற்றி ஏறுவதை வெட்டிக் காயவைக்கிறார்கள். உடம்புவலிக்குக் கண்டதிப்பிலி ரசம் வைப்போமே, அதற்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி. மூட்டுவலியைச் சீனர்கள் 'காற்றும் ஈரமும்' என்கிறார்கள், நாம் வாதம் என்கிறோம், வாதம் என்றாலும் காற்றுதானே. அதனால்தானோ என்னவோ அம்மா மறுப்பே சொல்லவில்லை.

முதல் தடவை வீட்டுப் பக்கத்துக் கடை ஒன்றில் வாங்கி ஏமாந்தேன். மெல்லிய துண்டுகளாகச் சீவி, பிளாஸ்டிக் பையில் ஒட்டி வைத்திருந்தார்கள், பிரித்துப் பார்க்க விடவில்லை. வீட்டுக்கு வந்து திறந்தால் தடித்த, மெத்தென்று அமுங்குகிற பட்டை. மிளகு வாசம் துளியும் இல்லை. கட்சுரா என்று வேறொரு குடும்பத்துக் கொடி இருக்கிறது, அதையும் இதே பெயரில் விற்பது உண்டு என்று பிறகுதான் வைத்தியர் சொன்னார். சிங் ஃபெங் தெங் என்று இன்னொன்றும் உண்டு. பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று, செடி வேறு, சத்தும் வேறு, மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

அப்புறம் ஜார்ஜ்டவுனில் கேம்பல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பழைய மருந்துக் கடைக்குப் போனேன். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். கல்லாவில் இருந்த பெரியவரிடம் சீட்டை நீட்டியதும் ஒரு இழுப்பறையை அப்படியே உருவி என் முன்னால் வைத்து, ஒரு துண்டை ஒடித்து "சியும் டூலு" என்றார், மலாயில் முதலில் மோந்து பார் என்று. விரல் தடிமன்கூட இல்லாத சாம்பல் கலந்த பழுப்புத் தண்டு, நீளவாக்கில் வரிவரியாக, கணு கணுவாகப் புடைத்து, சில கணுக்களில் காய்ந்த வேர் மயிர் போல ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் கனமே இல்லை. ஒடித்த முகத்தில் வெளிர்மஞ்சள் கட்டை, நிறையப் பொடித் துளைகள், நடுவிலிருந்து வண்டிச் சக்கரக் கம்பி போல விரியும் கோடுகள். வாசம் மிளகு டப்பாவைத் திறந்த மாதிரி, நாக்கில் வைத்தால் லேசான கசப்பு, பின்னால் காரம். இதுதான் சரக்கு.

சின்னக் கோல்தராசில் நிறுத்து, ஒரு நாளைக்கு 10 கிராம் வீதம் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார் (சீன மருந்து நூல்களில் நாளுக்கு 6 முதல் 12 கிராம் வரைதான்). சீட்டில் இருந்த முசுக்கொட்டைக் குச்சி, லவங்கப்பட்டை, டாங் குய் என்ற சீன வேர் எல்லாம் சேர்த்து ஒரு பொட்டலம். விலை நியாயம், முந்தைய கடையைவிடக் குறைவுதான்.

மண்சட்டியில் அரை மணி நேரம் ஊறவைத்து, மூன்று கிண்ணம் தண்ணீர் ஒரு கிண்ணமாகச் சுண்டும்வரை சிறு தீயில் காய்ச்ச வேண்டும், நம் கஷாயக் கணக்கேதான். அடுப்படி முழுக்க மிளகு ரசம் வாசம். இரண்டு வாரத்தில் அம்மாவுக்குக் காலை விறைப்பு குறைந்தது, வலி முழுதாகப் போகவில்லை. பொட்டலத்தில் வேறு சரக்குகளும் இருந்ததால் இது மட்டும்தான் கேட்டது என்று சொல்ல மனம் வரவில்லை.

ஒரு விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். ஹாய் ஃபெங் தெங் தண்டில் கட்சுரெனோன் என்று ஒரு பொருள் இருக்கிறது (பெயரைப் பார்த்து அந்தக் கட்சுராக் கொடி என்று நினைத்துவிடாதீர்கள்). இரத்தத்தை உறையவைக்க உதவும் தட்டணுக்களைத் தூண்டிவிடும் ஒரு பொருளின் வேலையை அது தடுக்கிறது என்று 1985-லேயே ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அதனால் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். வைத்தியரும் அம்மாவிடம் முதலில் கேட்டது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுதான், மாத்திரைப் பையையே கொட்டிப் பார்த்தார். அப்படிக் கேட்காத இடத்தில் வாங்காதீர்கள். இதே பெயர் போட்டு வரும் மாத்திரை, சிரப் எல்லாம் என்றால் டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் மலேசிய அரசின் மருந்துப் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா பாருங்கள்.

போவதானால் காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானத்துக்கு மேல் சீட்டோடு வருபவர்கள் கூட்டம் சேர்ந்துவிடும், பெரியவரும் இழுப்பறையை உருவிக் காட்ட நேரம் இல்லாமல் தவிப்பார். சீன எழுத்தில் பெயரை வைத்தியரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் அடுத்த வாரம் இன்னும் பத்துப் பொட்டலம் வாங்கப் போகிறேன், வழியில் லிட்டில் இந்தியாவில் கண்டதிப்பிலியும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார் அம்மா.